ஏலத்தில் எடுப்பதா, இறக்கி வைத்ததை வாங்குவதா? ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கனடாவில் மூன்று வழிகள்

ஜப்பானில் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரைக் கனடாவுக்குக் கொண்டுவர முடியுமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் சட்டத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். சட்டம் இதில் சுலபமான பகுதி, அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். காரின் அடிப்பாகத்தை உங்களுக்காக யார் குனிந்து பார்த்தார்கள் என்பதுதான் கஷ்டமான கேள்வி. ஜப்பான் ஏலத்தில் நேரடியாக எடுப்பது, இங்கே ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பதை வாங்குவது, இங்குள்ள இறக்குமதியாளரிடம் சொல்லி வரவழைப்பது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் இடையே உள்ள விலை வித்தியாசம் பெரும்பாலும் அந்தக் குனிந்து பார்க்கிற வேலைக்கான கூலிதான். நான் முதல் வழியில் ஒரு கார் வாங்கி அடிபட்டவன். என் நண்பர் ஒருவர் இரண்டாவது வழியில் வாங்கி நிம்மதியாக இருக்கிறார். அதனால் இந்த ஒப்பீட்டில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அரைப் பக்கம். கனடாவில் விற்பதற்காகத் தயாரிக்கப்படாத காரை உள்ளே விடாமல் தடுப்பது மத்திய அரசின் வாகனப் பாதுகாப்பு விதிகள். ஆனால் தயாராகி 15 ஆண்டு முடிந்த காருக்கு அந்த விதிகளிலிருந்து விலக்கு உண்டு. கணக்கு, தயாரான மாதத்திலிருந்து. 2010 ஜூலையில் தயாரான கார் 2025 ஜூலையில் தகுதி பெற்றது. மாடல் வருடம் என்ன என்பது பேச்சே இல்லை. அதைவிடப் புதிய ஜப்பான் காரைப் பதிவு செய்து ஓட்டலாம் என்று கொண்டுவந்தால் துறைமுகத்திலேயே நின்றுவிடும். தெற்கே அமெரிக்காவில் இதே விலக்கு 25 ஆண்டுக்குப் பிறகுதான். 1988-இல் போட்ட சட்டம் அது. இந்தியாவில் கணக்கு தலைகீழ்: பழைய காரைக் கொண்டுவர வேண்டும் என்றால் அது மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஆகவே ஊரிலிருந்து வாட்ஸாப்பில் கேட்கிற தம்பிகளுக்கு என்னிடம் நல்ல செய்தி இல்லை.

கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே உள்ள அந்தப் பத்து வருட இடைவெளியில்தான் நமக்கு லாபம் இருக்கிறது. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்34 வகை, 1999 ஜனவரியில் வந்தது. 2014-இலிருந்தே கனடாக்காரர்கள் அதைச் சட்டப்படி கொண்டுவர முடிந்தது. அமெரிக்கர்கள் 2024 வரை காத்திருந்தார்கள். அமெரிக்கச் சந்தை திறக்கப்போகிறது என்று தெரிந்ததுமே ஜப்பான் ஏலங்களில் விலை ஏற ஆரம்பித்துவிடுகிறது. எனவே 25 வயதைத் தொடப்போகிற காருக்குப் பின்னால் ஓடாதீர்கள், 15 வயதைத் தாண்டிய காரைப் பாருங்கள் என்பது என் முதல் அபிப்பிராயம். 2007-இலிருந்து 2010 வரை ஜப்பானில் விற்ற ஹோண்டா சிவிக் டைப் ஆர் செடான், எஃப்டி2 என்று சொல்வார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கதவு, ஆறு கியர் மேனுவல், 225 குதிரைசக்தி தரும் கே20ஏ என்ஜின். பின்சீட்டில் குழந்தை இருக்கையும் வைக்கலாம். இங்கே எல்லா எஃப்டி2-வும் தகுதி பெற்றாயிற்று. அமெரிக்கர்களுக்கு முதல் வண்டியே 2032-இல்தான். நான் வாங்கியதும் அதைத்தான்.

இவ்வளவு நல்ல காரை ஜப்பான்காரர்கள் ஏன் விற்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. அங்கே ஷாக்கென் என்று ஒரு கட்டாயச் சோதனை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை; கட்டணம், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே நாளில் கையைக் கடிக்கும். பெட்ரோல் கார் 13 வயதைத் தாண்டினால் வருடாந்தர வரியும் எடை வரியும் கூடிவிடும். ஷாக்கென் தேதி நெருங்கும்போது, ஓடுகிற நிலையில் இருக்கிற காரையும் ஏலத்துக்கு அனுப்புவது அங்கே சாதாரணம். அப்புறம் யென்னின் விலை. 2024-இல் ஒரு அமெரிக்க டாலருக்கு 160 யென்னையும் தாண்டிப் போனது. கனடா டாலரில் சம்பளம் வாங்குகிறவருக்கும் அது தள்ளுபடி மாதிரிதான்.

சரி, ஏலம். ஜப்பான் முழுவதும் ஏலக் கூடங்கள் இருக்கின்றன. யுஎஸ்எஸ் நிறுவனத்தின் டோக்கியோ கூடம் அவற்றில் பெரியது, சீபா மாகாணத்தின் நோடாவில் இருக்கிறது, வியாழக்கிழமைதோறும் நடக்கும். உறுப்பினர் அல்லாதவர் உள்ளே நுழைந்து கை தூக்க முடியாது. அதனால் ஏற்றுமதி முகவர் ஒருவரைப் பிடித்து, முன்பணம் கட்டி, 'இதற்கு மேல் போகாதீர்கள்' என்று ஒரு உச்ச விலையைச் சொல்லிவிட்டு, டொராண்டோ நேரத்தில் நடுராத்திரி தூங்காமல் காத்திருக்க வேண்டும். ஒரு கார் மேடையில் இருப்பது சில வினாடிகள்தான்.

எல்லாம் ஒரு தாளை நம்பி. ஏலச்சீட்டு என்றால் நமக்கு ஊரில் மாமாக்கள் பிடிக்கிற சீட்டுதான் நினைவுக்கு வரும், அதனால் இதை ஏலத்தாள் என்றே சொல்கிறேன். ஏலக் கூடத்தின் பரிசோதகர் காரைச் சுற்றிப் பார்த்து எழுதுகிற ஒற்றைத் தாள் அது. வலது மேல் மூலையில் மொத்த மதிப்பெண்: 5, 4.5, 4, 3.5 என்று இறங்கிக்கொண்டே போகும். உள்பக்கத்துக்குத் தனியாக ஏ, பி, சி. விபத்தில் அடிபட்டு, காரைத் தாங்குகிற சட்டகத்தின் முக்கியமான பாகம் சரிசெய்யப்பட்டிருந்தால் எண்ணுக்குப் பதில் ஆர். கீழே காரின் படம் ஒன்று இருக்கும். அதில் ஏ என்றால் கீறல், யு என்றால் நெளிசல், டபிள்யூ என்றால் தட்டிச் சரிசெய்த தடம், எஸ் என்றால் துரு, சி என்றால் அரித்துப் போனது, இரண்டு எக்ஸ் சேர்ந்து நின்றால் அந்தப் பாகமே மாற்றப்பட்டது. பக்கத்தில் வரும் எண் கூடக்கூடச் சேதமும் கூடுதல்.

மதிப்பெண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆர் போட்ட கார் எல்லாம் குப்பை இல்லை. பல வருடத்துக்கு முன் முன்பக்கம் லேசாக இடித்து, ஒழுங்காகச் சரிசெய்து, அதற்கப்புறம் சிக்கலில்லாமல் ஓடிய வண்டிக்கும் ஆர்தான். அதே மாதிரி 4 வாங்கிய கார் எல்லாம் தங்கமும் இல்லை. மதிப்பெண்ணில் பெரும்பங்கு மேலே தெரிவதற்கு. அடிப்பாகத்தைப் பற்றிய உண்மை, பரிசோதகர் கையால் கிறுக்கிய குறிப்பில், ஜப்பானிய எழுத்தில், ஒரு வரியாக இருக்கும்.

என் கதை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. 2022-இன் இலையுதிர் காலத்தில் 2007-ஆம் ஆண்டு எஃப்டி2 ஒன்றைப் பிடித்தேன். மதிப்பெண் 4, உள்பக்கம் பி, வெள்ளை நிறம். முகவர் மின்னஞ்சலில், நல்ல நிலை, சிறிதளவு துரு, வயதுக்குச் சாதாரணம் என்று எழுதியிருந்தார். நானும் தலையாட்டினேன். கார் வந்து, ஒன்டாரியோவின் பாதுகாப்புச் சான்றிதழுக்காக மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் லிஃப்டில் ஏற்றி, ஸ்க்ரூடிரைவர் முனையால் பின்பக்க சப்ஃப்ரேமை, அதாவது பின் சஸ்பென்ஷனைத் தாங்குகிற அடி இரும்புச் சட்டகத்தை, தட்டினார். உப்புப் பரல் மாதிரி உதிர்ந்தது. பிரேக் குழாய்கள் இரண்டைப் பார்த்துவிட்டு, இதற்குச் சான்றிதழ் தர முடியாது என்றார். அந்த ஏலத்தாளை அலுவலகத்தில் ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்று வினாடியில் படித்துச் சொன்னார்: 'அடியில் துரு அதிகம்.' முகவரைக் கேட்டால், மொழிபெயர்ப்பு ஒரு உதவிக்காகத்தான், பொறுப்பு வாங்குபவருடையது, ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார். இருந்தது. நான் படிக்கவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கிய சான்றிதழில் பழைய நம்பர் பிளேட் எந்த ஊருடையது என்று இருக்கும். என்னுடையது சப்போரோ. ஹொக்கைடோ தீவு, பனி கொட்டுகிற இடம், சாலைக்கு உப்புப் போடுகிற இடம். ஒசாகா, ஷிசுவோகா பக்கத்துக் காரைத் தேடியிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். ஜப்பான் கார் துருப்பிடிக்காது என்பது ஒரு மூடநம்பிக்கை. எந்த ஜப்பான் என்று கேட்க வேண்டும்.

அதே சான்றிதழில் முதல் பதிவு மாதமும் இருக்கும், பெரும்பாலும் பேரரசர் ஆண்டுக் கணக்கில். ஹெய்செய் 19 என்றால் 2007. ஹெய்செய் எண்ணோடு 1988-ஐக் கூட்டிக்கொண்டால் போதும். பதிவு எப்போதுமே உற்பத்திக்குப் பிறகுதான் நடக்கும், ஆகவே பதிவு மாதமே 15 ஆண்டைத் தாண்டியிருந்தால் பயமில்லை. தாண்டாத காரைக் காட்டி, தயாரானது அதற்கு முன்பு, கவலைப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால், தயாரிப்பு மாதத்துக்கு எழுத்தில் ஆதாரம் கேளுங்கள். தரவில்லை என்றால் அடுத்த காரைப் பாருங்கள்.

இனி வரிக் கணக்கு. ஏலத்தில் நீங்களே எடுத்தால் இறக்குமதியாளர் நீங்கள்தான், எல்லாப் படிவத்திலும் உங்கள் பெயர்தான். காருக்குக் கனடாவின் சாதாரண சுங்கத் தீர்வை 6.1 சதவீதம். நல்ல விஷயம், தீர்வை ஜப்பானில் உள்ள விலைக்குத்தான். கடல் கடந்து வருகிற கப்பல் கட்டணம் அந்த மதிப்பில் சேராது. உதாரணத்துக்கு அந்த மதிப்பு 25,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தீர்வை 1,525. ஏசி இருக்கிற காருக்கு ஒரு 100 டாலர் எக்சைஸ் வரி. மூன்றையும் கூட்டிய தொகைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது சுமார் 1,331. ஒன்டாரியோவின் 8 சதவீதப் பங்கு எல்லையில் வராது, காரைப் பதிவு செய்யப் போகும்போது சர்வீஸ் ஒன்டாரியோ கவுன்டரில் வரும், அது 2,100 டாலரை ஒட்டி. மொத்தத்தில் ஐயாயிரத்துக்கு மேல். பசிபிக் வட்டார வர்த்தக ஒப்பந்தத்தின்படி ஜப்பானில் தயாரான காருக்கான தீர்வை 2018-இன் கடைசியிலிருந்து படிப்படியாகக் குறைந்து நீங்கியிருக்கிறது. ஆனால் அது தானாகக் கிடைக்காது, கார் அந்த ஒப்பந்தத்தின் தோற்ற விதிகளுக்குப் பொருந்துகிறது என்ற சான்று வேண்டும். அந்தச் சான்றை வாங்கித் தர முகவர் தயாரா என்று ஏலத்துக்கு முன்பே கேளுங்கள். நான் கேட்கவில்லை. 6.1 சதவீதத்தையும் கட்டினேன்.

கப்பல் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காரை ஓட்டி ஏற்றி ஓட்டி இறக்குகிற ரோரோ கப்பல் ஒரு வகை, கன்டெய்னர் இன்னொரு வகை. மேற்குக் கரையில் வான்கூவர் பக்கம் இறங்கினால் அங்கிருந்து டொராண்டோவுக்கு ரயிலோ லாரியோ பிடிக்க வேண்டும். அந்த உள்நாட்டுப் பயணத்தின் செலவைப் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அடியில் மண் ஒட்டியிருந்தால் உணவுச் சோதனை முகமை காரை நிறுத்திவைக்கும். அன்னிய மண்ணோடு பூச்சியும் விதையும் வரக் கூடாது என்பது அவர்கள் கவலை. கஸ்டம்ஸில் முத்திரை வாங்கிய படிவத்தைக் குழந்தையைப் போலப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் நம்பர் பிளேட் கிடையாது. ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரை வைத்துக்கொள்வது முதல் தடவைக்கு நல்லது. அந்தக் காசு எனக்கு வலிக்கவில்லை.

இப்போது இரண்டாவது வழி. வான்கூவர் பக்கத்திலும் டொராண்டோவைச் சுற்றியும் ஜப்பான் கார்களை மொத்தமாக வரவழைத்து நிறுத்தி விற்கிற டீலர்கள் இருக்கிறார்கள். தீர்வை, கப்பல், புரோக்கர் எல்லாம் அவர்கள் தலையில். என் நண்பர் இப்படி 2003-ஆம் ஆண்டு டொயோட்டா ஆல்டெஸா ஆர்எஸ்200 ஒன்றை வாங்கினார். என்னுடைய எஃப்டி2-வுக்கு ஏலத்தில் கொடுத்ததோடு ஒப்பிட்டு, 'இவ்வளவு பழைய காருக்கு இவ்வளவா' என்று நான் சிரித்தேன். அவர் டீலரிடம் போய்க் காரை ஒரு மெக்கானிக்கின் லிஃப்டில் ஏற்றச் சொல்லி, கீழே நின்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கையொப்பம் போட்டார். சிரிப்பு எனக்கு அதிக நாள் நிலைக்கவில்லை. சப்ஃப்ரேம், பிரேக் குழாய், மெக்கானிக் கூலி எல்லாம் கட்டிய பிறகு என் கணக்கும் அவர் கணக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றன. அவர் கார் வாங்கிய மறுவாரமே ஓடியது. என்னுடையது ஏழு மாதம் கழித்து.

ஒன்டாரியோவில் டீலரிடம் வாங்குவதில் இன்னொரு பிடிமானம் உண்டு. டீலர்களை ஒழுங்குபடுத்துகிற ஆம்விக் என்கிற அமைப்பில் பதிவு பெற்ற டீலர் விளம்பரத்தில் போடுகிற விலையிலேயே, எச்எஸ்டி (அந்த 5-ம் ஒன்டாரியோவின் 8-ம் சேர்ந்த விற்பனை வரி), லைசென்ஸ் தவிர எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். விபத்து போன்ற முக்கிய விவரங்களை மறைத்து விற்றால் புகார் செய்ய ஓர் இடம் இருக்கிறது. வீட்டு டிரைவ்வேயில் மூன்று நான்கு கார்களை நிறுத்திவைத்து 'என் சொந்தக் கார்' என்று விற்கிற கர்ப்சைடர்களிடம் இது எதுவும் கிடையாது. ஜப்பான் கார்களில் இந்தக் கூட்டம் அதிகம், ஜாக்கிரதை. ஏலத்தாளின் அசலைக் காட்டச் சொல்லுங்கள். 'அது எங்கேயோ போய்விட்டது' என்றால் நீங்களும் போய்விடுங்கள்.

இந்த வழியின் குறை, தேர்வுதான். உங்கள் மனசில் இருக்கிற நிறம், வருடம், கிலோமீட்டர் எல்லாம் பொருந்திய கார் அங்கே நிற்காது. டீலர்கள் சீக்கிரம் விற்கிறதைத்தான் வரவழைப்பார்கள். ஸ்கைலைன், சில்வியா, சேசர் நிற்கும். எஃப்டி2 மாதிரி கார் எப்போதாவது வரும், வந்த வாரமே போய்விடும். பிற மாகாணத்தில் வாங்கினால் ஒன்டாரியோவில் மறுபடி பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கியூபெக்கில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. வலதுபக்க ஸ்டியரிங் காருக்கு அங்கே 25 வயது கேட்கிறார்கள்; மத்திய அரசு 15-இல் உள்ளே விட்டாலும் மாகாணம் பிளேட் தராது. ஒட்டாவாவில் வேலை, கியூபெக்கின் கத்தினோவில் வீடு என்று இருப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

மூன்றாவது வழி இரண்டுக்கும் நடுவில். இங்குள்ள இறக்குமதியாளரிடம், எனக்கு இன்ன கார், இன்ன வருடம், பனி விழாத பகுதிக் கார் என்று சொல்கிறீர்கள். அவர் தன் பெயரில் ஏலம் எடுத்து, தன் பெயரில் கஸ்டம்ஸ் முடித்து, இங்கே உங்களுக்கு விற்கிறார். கட்டணம் முதல் வழியைவிட அதிகம், இரண்டாவதைவிடக் குறைவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதில் எல்லாமே ஒப்பந்தத்தின் ஒரே ஒரு ஷரத்தில் நிற்கிறது: கார் இங்கே வந்து லிஃப்டில் ஏறிய பிறகு மறுக்கிற உரிமை உங்களுக்கு உண்டா, இல்லையா? உண்டு என்றால் இது மூன்றிலும் நல்ல வழி. இல்லை என்றால் முதல் வழியையே அதிக விலைக்கு வாங்குகிறீர்கள். பல பேர் முழுப் பணத்தையும் கப்பல் ஏறும்போதே கேட்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம், ஜப்பானில் ஏலத்துக்கு முன் தனி ஆள் ஒருவர் நேரில் போய் அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்ப ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். பல கூடங்களில் அதற்கு வழி இருக்கிறது. கொஞ்சம் யென் கூடுதலாகும். என் சப்ஃப்ரேமின் விலையோடு ஒப்பிட்டால் அது தேநீர்க் காசு.

மூன்று வழிக்கும் பொதுவான ஒரு சுவர் இன்ஷூரன்ஸ். இதை எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டும். ஒன்டாரியோவில் கார் இன்ஷூரன்ஸ் தனியார் கம்பெனிகள் கையில். ஜப்பான் காருக்கு இங்குள்ள கார்களை அடையாளம் காட்டுகிற 17 இலக்க வின் எண் கிடையாது, எஃப்டி2 என்று ஆரம்பித்துக் கோடு போட்டு ஏழு இலக்கம் வருகிற சேசிஸ் எண்தான். கம்பெனியின் கணினித் திரை 17 கட்டம் நிரம்பாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. தொலைபேசியில் இருக்கிற பெண் பாவம், 'சார், மீதி எண்கள் எங்கே' என்று கேட்பார். வலதுபக்க ஸ்டியரிங் என்றதும் சில கம்பெனிகள் நேராகவே மறுத்துவிடும். பழைய கார்களுக்கென்று தனியாகக் காப்பீடு தருகிற கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும், ஆனால் நிபந்தனைகள் இருக்கும்: தினசரி ஓட்டத்துக்கு வேறு கார் இருக்க வேண்டும், கராஜில் நிறுத்த வேண்டும், வருடத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர்தான். பிராம்ப்டன் பக்கத்து முகவரி என்றால் சாதாரண காருக்கே பிரீமியம் கண்ணைக் கட்டும், இதற்குச் சொல்லவே வேண்டாம். நான்கு கம்பெனிகள் மறுத்த பிறகு ஐந்தாவதில் எனக்குக் கிடைத்தது. அதுவரை கார் ஒரு நண்பர் வீட்டுக் கராஜில் பிளாஸ்டிக் போர்வைக்குள் இருந்தது.

ஓட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னையிலோ மதுரையிலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து இடது கையால் கியர் மாற்றுவது பழைய வீட்டுக்குத் திரும்பினது மாதிரி இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் ஆபத்தும். கார் மட்டும்தான் ஊர் மாதிரி, சாலை இங்கத்தியது. இருவழிச் சாலையில் முன்னால் போகிற லாரியை முந்த எட்டிப் பார்க்க முடியாது. உங்கள் கண் சாலையின் ஓரத்தில் இருக்கிறது. பக்கத்தில் உட்காரும் மனைவிதான் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் சொல்வதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இல்லறம். டிம் ஹார்டன்ஸ் டிரைவ்-த்ரூவில் ஜன்னல் எதிர்ப்பக்கம் வரும். முகப்பு விளக்குகள் இடதுபக்கச் சாலைக்காக அமைந்தவை, வெளிச்சம் இடப்பக்கமாக மேலேறி எதிரே வருகிறவரின் கண்ணைக் குத்தும், அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஜப்பானின் ஹை ஆக்டேன் பெட்ரோல் அவர்கள் அளவில் 100. இங்கே பம்பில் எழுதியிருக்கிற 91 வேறு அளவு, அவர்கள் கணக்கில் 95, 96-ஐ ஒட்டித்தான் வரும். டர்போ வண்டி என்றால் 94 கிடைக்கிற பெட்ரோல் நிலையத்தைத் தேடிப் போடுங்கள்.

ரேடியோ சின்ன விஷயம், ஆனால் என் அப்பாவுக்கு அதுதான் பெரிய குறை. ஜப்பானின் எஃப்எம் 76-இல் ஆரம்பிக்கிறது, என் காரில் 90-ஐத் தாண்டாது. டொராண்டோவில் தமிழ் கேட்கிற 101.3 அதில் எட்டவே எட்டாது. ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு முறை உட்கார்ந்துவிட்டு, இவ்வளவு காசு போட்டு வாங்கின காரில் ஒரு பாட்டுக் கேட்க முடியவில்லை என்றார். தினமும் சாவி போட்டதும் சுங்கச் சாவடிக் கருவி மட்டும் ஒரு ஜப்பானியப் பெண் குரலில் 'அட்டை செருகப்படவில்லை' என்று அறிவிக்கும். அதைப் பிடுங்க மனசு வரவில்லை.

எந்தக் கார் என்பது எந்த வழி என்பதோடு ஒட்டியது. இங்கே விற்ற காரோடு உறவுள்ள ஜப்பான் கார் என்றால் ஏலத்தில் துணியலாம், பாகம் கிடைக்கும். ஆல்டெஸா இங்கே லெக்ஸஸ் ஐஎஸ் 300 என்ற பெயரில், வேறு என்ஜினோடு விற்றது. நண்பருக்குச் சஸ்பென்ஷன் பாகங்கள் பலவும் பழைய இரும்புக் கடையிலேயே அகப்பட்டன. மாஸ்டாவின் ரோட்டரி என்ஜின் ஆர்எக்ஸ்-7 என்றால் நான் ஏலத்தைத் தொட மாட்டேன். என்ஜினுக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று அளக்கிற கம்ப்ரஷன் சோதனை செய்து எண்களை எழுதித் தராத ஆர்எக்ஸ்-7-ஐ வாங்குவது லாட்டரி. ஏலத்தாளில் அது இருக்காது, பரிசோதகர் கார் கிளம்புகிறதா என்றுதான் பார்ப்பார். இங்கே இறக்கி, சூடாக்கி, ரோட்டரி தெரிந்தவர் அளந்த காரை மட்டும் வாங்குங்கள், எவ்வளவு கூடுதலானாலும். ஜிடி-ஆர் போன்ற பெரிய தொகைக் காருக்கு மூன்றாவது வழி, மறுக்கும் உரிமையோடு. வெறும் வேகமான கார் போதும், ஜப்பான் பிளேட்டின் வாசனை வேண்டாம் என்றால், இங்கேயே விற்ற இடதுபக்க ஸ்டியரிங் எஸ்2000-ஐயோ சுபாரு எஸ்டிஐ-யையோ பாருங்கள். இன்ஷூரன்ஸ் ஒரே போனில் முடியும்.

முதல் கார் வாங்குபவருக்கு என் பதில் இரண்டாவது வழி, வாதாடாமல். மனசில் ஒரே ஒரு கார்தான் இருக்கிறது, அது இங்கே வராது என்பவருக்கு மூன்றாவது. முதல் வழி, ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்த ஒருவரைத் தெரிந்தவருக்கும், ஏழு மாதம் கார் இல்லாமல் இருக்க முடிந்தவருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நானே மறுபடி ஏலப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2009 சுபாரு ஒன்று, கியூஷு பக்கத்து பிளேட், மதிப்பெண் 3.5. இந்த முறை ஏலத்தாளை முகவருக்கு முன்பே அலுவலக நண்பரிடம் காட்டிவிட்டேன். கீழே துருவைப் பற்றி ஒன்றும் இல்லை, பின் கதவில் நெளிசல் இருக்கிறதாம். வியாழன் காலைக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து எழுத்தில் பதில் வர வேண்டும். இன்று செவ்வாய். இன்னும் வரவில்லை, அதனால் விலை எதுவும் சொல்லவில்லை.